எந்தக் கல்லூரி?

மொன்றியலில் ஒரு தமிழ் வீட்டுச் சமையலறையில் "கல்லூரி" என்ற சொல் எழும்பினால் அது மூன்று பேர் காதில் மூன்று விதமாக விழும். அப்பாவுக்கு அது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி: வெள்ளைச் சீருடை போட்டு, உயர்தரம் வரை படித்த பள்ளிக்கூடம். ரொறொன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து தொலைபேசியில் பேசும் பெரியம்மாவுக்கு அது செனெக்கா, சென்ரெனியல் மாதிரி, பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளை போகிற இடம். மேசையில் மடிக்கணினியோடு இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது செஜெப். வருகிற ஓகஸ்ட்டில் டொக்டராக நினைப்பவளும், விமானம் திருத்த நினைப்பவனும், என்னவாவது என்று இன்னும் முடிவெடுக்காதவளும் ஒரே வாசலால் உள்ளே போகிற இடம். சென்னையில் சில வருடம் அகதியாக இருந்துவிட்டு வந்த சித்தப்பா ஒருவரும் அந்த வீட்டில் இருந்தால், பட்டப்படிப்புக் கல்லூரி என்ற நாலாவது பொருளும் சேர்ந்துவிடும்.

இதைப் பள்ளிக்கூடங்கள் "புலம்பெயர்ந்த பெற்றோருக்கு எங்கள் கல்வி முறை தெரியாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. குளிர்காலச் சனிக்கிழமைகளில் இப்படிப்பட்ட மேசைகளில் இருந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன், அந்த வரி சரியில்லை. பல்கலைக்கழக அனுமதி பற்றி இந்தப் பெற்றோருக்குத் தெரிந்த அளவு கியூபெக்கில் பிறந்து வளர்ந்த பல பெற்றோருக்குத் தெரியாது. ஒரு தலைமுறையின் தலையெழுத்தையே வெட்டுப்புள்ளி தீர்மானித்த ஊரிலிருந்து வந்தவர்கள் இவர்கள். தெரிந்திருப்பது இன்னோர் ஊரின் விதி என்பதுதான் சிக்கல். யாழ்ப்பாணத்து விதியையும் ரொறொன்ரோ விதியையும் கையில் வைத்துக்கொண்டு மொன்றியல் விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். வெறுமையாக இருக்கும் பலகையில் எழுதுவது சுலபம். ஏற்கெனவே எழுதியிருப்பதை அழிப்பதுதான் பாடு.

ரொறொன்ரோ விதி எப்படி இந்த வீட்டுக்குள் வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கையில் 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கு வந்த தமிழர்களில் பலர் முதலில் காலூன்றிய ஊர் மொன்றியல். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீன்பிடிகாரர்கள் காப்பாற்றினார்கள். அவர்களும் சென் ஜோன்ஸ் நகரில் சில நாள் தங்கிவிட்டு மொன்றியலுக்கும் ரொறொன்ரோவுக்குமாகப் பிரிந்து போனார்கள். கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் அடுக்குமாடிகளில் குடியேறியவர்களில் ஒரு பகுதி பிரெஞ்சுக்குப் பயந்தும் வேலைக்காகவும் 401 நெடுஞ்சாலை வழியே ஒன்ராறியோவுக்குப் போய்விட்டது. மிச்சப்பேர் இங்கேயே தங்கினார்கள். ஆகவே இன்று மொன்றியலில் ரொறொன்ரோப் பாதி இல்லாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். அங்கே ஆட்கள் அதிகம், படித்து முடித்த பிள்ளைகளும் அதிகம். ஆலோசனையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

ஒன்ராறியோவில் பள்ளிக்கூடம் 12ஆம் வகுப்போடு முடிகிறது. 2003 வரை 13ஆம் ஆண்டு என்று ஒன்றும் இருந்தது. கடைசி ஆண்டின் சிறந்த ஆறு பாடங்களின் சராசரியோடு, ஜனவரி நடுப்பகுதிக்குள், ஒரே பொது விண்ணப்பத்தில் பல பல்கலைக்கழகங்களைக் கேட்கலாம். கியூபெக்கில் உயர்நிலைப் பள்ளி 11ஆம் வகுப்போடு, அதாவது செக்கண்டரி ஐந்தோடு, முடிந்துவிடுகிறது. பிறகு செஜெப். பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் அது இரண்டு வருடம், தொழில்நுட்ப வழியில் மூன்று வருடம். அதற்குப் பிறகு இளமாணிப் பட்டம் பெரும்பாலும் மூன்று வருடம். "உங்கடை பிள்ளை ஒரு வருஷம் பிந்துது" என்று பெரியம்மா சொல்லும்போது யாரும் விரல் மடித்துப் பார்ப்பதில்லை. பன்னிரண்டும் நாலும் பதினாறு. பதினொன்றும் இரண்டும் மூன்றும் பதினாறு. செலவு என்று பார்த்தாலும், கியூபெக் வதிவாளராக முழுநேரம் படிக்கும் பிள்ளைக்கு அரசு செஜெப்பில் கற்கைக் கட்டணமே கிடையாது. தவணைக்குச் சில நூறு டொலர் சில்லறைக் கட்டணங்கள்தான். இலங்கையில் இலவசக் கல்வியில் படித்து வந்தவர்களுக்கு இது புரிய நேரமெடுக்காது. ஆனால் ஒன்ராறியோக் கடன் கதைகளைக் கேட்டுக் கேட்டு இங்கேயும் பயந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் உண்டு. அதிலும், 2012 வசந்த காலத்தில் மாணவர்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்று, ஐந்து வருடத்தில் 1,625 டொலர் கூட்டும் திட்டத்தைத் தடுத்த ஊர் இது. சட்டியையும் அகப்பையையும் தட்டிக்கொண்டு மாலையில் ஊர்வலம் போனவர்களை நம் ஆட்கள் பல்கனியில் நின்று பார்த்தார்கள். தங்கள் பிள்ளையின் கட்டணத்துக்காகத்தான் அந்தச் சட்டி அடிபடுகிறது என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

செஜெப் எதற்காக வந்தது என்று தெரிந்தால் விண்ணப்பத்தில் பாதி வெளிச்சமாகும். 1961இல் ஜோன் லெசாஜ் அரசு ஒரு விசாரணை ஆணைக்குழுவை அமைத்தது. தலைவர் அல்போன்ஸ்-மரி பரோன் என்ற கத்தோலிக்கக் குரு. அவருடைய குடும்பப் பெயருக்குப் பிரெஞ்சில் பெற்றோர் என்ற பொருளும் உண்டு. கல்விக் குழுவுக்குத் தலைவரைப் பெயர் பார்த்தே எடுத்தார்களோ என்று தோன்றும். அதுவரை பிரெஞ்சுப் பிள்ளை பல்கலைக்கழகம் போவதென்றால் திருச்சபை நடத்திய எட்டு வருடச் செவ்வியல் கல்லூரி வழியாகத்தான் பெரும்பாலும் போக வேண்டும். இலத்தீன், கட்டணம், பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். துறைமுகத்தில் தானியக் களஞ்சியங்களிலும் இறங்குதுறைகளிலும் மூட்டை சுமந்த ஒஷெலாகா, மெசொனெவ் பகுதித் தொழிலாளியின் மகனுக்கு அந்த வாசல் திறந்தே இருந்தாலும் உள்ளே போக வழியில்லை. ஆணைக்குழு முன்வைத்த மாற்றத்தின்படி 1967இல் முதல் பன்னிரண்டு செஜெப்புகள் திறந்தன. மெசொனெவ் செஜெப் அவற்றில் ஒன்று. பழைய செவ்வியல் கல்லூரி ஒன்றின் இடத்திலேயே அது தொடங்கியது. ஆங்கிலத்தில் முதலாவதான டோசன் 1969இல் வந்தது. இன்று மாகாணம் முழுவதும் 48 அரசு செஜெப்புகள் இருக்கின்றன.

இதில் துணிச்சலான பகுதி இலவசம் என்பது மட்டுமில்லை. பல்கலைக்கழகம் போகிறவர்களையும் தொழில் கற்பவர்களையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்து, இருவருக்கும் ஒரே மொழி, இலக்கியம், தத்துவம், உடற்கல்வி வகுப்புகளைக் கட்டாயமாக்கினார்கள். தாதியாகப் போகிற பிள்ளையும் தத்துவம் படித்தாக வேண்டும். சாதி பிரித்து அடுக்கிப் பழகிய நமது கண்ணுக்கு இந்த ஏற்பாடு முதலில் பிடிபடாது. "தொழில்நுட்பம்" என்ற சொல்லைக் கேட்டதும் ஊரில் கணிதப் பிரிவு கிடைக்காமல் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போன பக்கத்து வீட்டு அண்ணை நினைவுக்கு வந்துவிடுவார்.

அதனால் ஒரு நல்ல வழி பல வீடுகளில் பேச்சோடேயே அடைபட்டுப் போகிறது. லஷீன் கால்வாய்ப் பக்கம் பழைய டோ பியர் வடிசாலை இருந்த இடத்தில் எ-தே-எஸ் என்று எல்லோரும் கூப்பிடும் பொறியியல் பல்கலைக்கழகம் நிற்கிறது. 1974இல் தொடங்கியது, கியூபெக் பல்கலைக்கழகக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது முதலில் அமைக்கப்பட்டதே மூன்று வருடத் தொழில்நுட்ப செஜெப் முடித்த மாணவர்களைப் பொறியியலாளராக்குவதற்கு. சம்பளத்தோடு கூடிய தொழிற்பயிற்சிக் காலங்கள் பாடத்திட்டத்துக்குள்ளேயே உண்டு. சென்-உய்பேரில் எட்வார்-மொன்பெத்தி செஜெப்பின் விமானத் தொழில்நுட்பப் பள்ளி இருக்கிறது. அதை முடித்தவன் விமானத் தொழிற்சாலையில் வேலைக்கும் போகலாம், எ-தே-எஸ்ஸுக்கும் போகலாம். அப்பாவுக்கு "எஞ்சினியர்" வேண்டும், மகனுக்கு "கையால ஏதாவது செய்யவேணும்". இரண்டும் ஒரே பாதையில் கிடைக்கும் என்று சொன்னால் முதலில் ஒருவரும் நம்புவதில்லை.

இன்னொரு வழியைப் பற்றி எனக்கு ஒரு தனிப்பட்ட ஆதங்கம் உண்டு. கடலிலிருந்து 1,600 கிலோமீற்றர் உள்ளே கிடக்கிற மொன்றியல் துறைமுகத்துக்குக் கப்பல்கள் சென் லோரன்ஸ் ஆற்றில் வழிகாட்டிகளை ஏற்றிக்கொண்டு வருகின்றன. அந்தக் கப்பல்களின் அதிகாரிகளையும் இயந்திரப் பொறியாளர்களையும் பயிற்றுவிக்கும் கியூபெக் கடல்சார் கல்வி நிறுவனம் றிமூஸ்கி செஜெப்பின் ஒரு பகுதி. அதுவும் ஒரு செஜெப் விண்ணப்பம்தான், கடலில் கழிக்கும் பயிற்சிக் காலத்தோடு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை நம்மவர்கள் ஓட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பெருமையை விழா மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே மேடைக்குக் கீழே இருக்கும் பெற்றோரிடம் றிமூஸ்கி என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ, அவ்வளவு தூரமோ?" என்பார்கள். மொன்றியலிலிருந்து 500 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ரொறொன்ரோவும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்.

மொழிக்கு வருவோம். 1977 ஓகஸ்ட் 26ஆம் திகதி நிறைவேறிய 101ஆம் சட்டம் குடிவந்தவர்களின் பிள்ளைகளை ஆரம்பப் பள்ளியிலிருந்து செக்கண்டரி முடியும் வரை பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியது. ஆனால் செஜெப் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. பதினேழு வயதில் மொழியைத் தெரிவு செய்யும் சுதந்திரம் பிள்ளைக்கு இருந்தது. தமிழ் வீடுகளில் அந்தத் தெரிவு பெரும்பாலும் ஏற்கெனவே முடிந்த ஒன்று. லண்டனில் ஒரு மாமா, ரொறொன்ரோவில் பாதிக் குடும்பம். ஆகவே ஆங்கிலம், ஆகவே டோசன் அல்லது வனியே. 2022இல் 96ஆம் சட்டம் வந்து இந்தக் கணக்கை மாற்றியது. ஆங்கில செஜெப்புகளின் மாணவர் தொகை மொத்தத்தில் 17.5 வீதத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலக் கல்விக்கு உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு அங்கே முதலிடம். சான்றிதழ் இல்லாமல் உள்ளே போகிறவர்கள் பட்டயம் பெறுவதற்குப் பிரெஞ்சு மொழித் தேர்விலும் சித்தியடைய வேண்டும்.

அந்தச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று தேடினால் விசித்திரமான ஒரு குடும்ப மரம் கிடைக்கும். பெற்றோரில் ஒருவர், கனடியக் குடியுரிமை உள்ளவர், தமது ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியைக் கனடாவில் ஆங்கிலத்தில் படித்திருந்தால் பிள்ளைக்கு உரிமை உண்டு. எண்பதுகளில் சின்னப் பிள்ளையாக மொன்றியலுக்கு வந்து, வரவேற்பு வகுப்பில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டி, இந்த நகரத்திலேயே வளர்ந்து வரி கட்டும் அப்பாவால் பிள்ளைக்கு அந்த உரிமையைக் கொடுக்க முடியாது. அவர் படித்தது பிரெஞ்சில். ஸ்காபரோவில் ஆரம்பப் பள்ளி படித்து, கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்த அம்மாவால் கொடுக்க முடியும். ரொறொன்ரோப் பெண் எடுத்தது இவ்வளவு தூரம் உதவும் என்று சாதகம் பார்த்த சாத்திரியாரும் சொல்லியிருக்க மாட்டார்.

சட்டம் நியாயமா என்பது வேறு வழக்கு. எனக்கு அதில் இரண்டு மனம். தன் மொழி கரைந்து போகும் என்று பயப்படும் சிறுபான்மையின் பயம் நமக்குத் தெரியாததில்லை. விண்ணப்ப மேசையில் சொல்ல வேண்டியது மட்டும் ஒன்று இருக்கிறது. பதினொரு வருடம் பிரெஞ்சில் கணிதமும் பௌதிகமும் படித்த பிள்ளையை, சித்தப்பா சொன்னார் என்பதற்காக ஆங்கில செஜெப்புக்கு மாற்றினால் முதல் தவணையில் அது இரண்டு பாரம் சுமக்கும். புவா-த-புலோங், அஹன்சிக், மெசொனெவ், லசாலில் அந்திரே-லொராந்தோ, லாவாலில் மொன்மொரன்சி ஆகியவற்றின் பெயரே தெரியாமல் டோசனில் இடமில்லை என்று அழுத தாயை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது ஒவ்வொன்றையும் பேருந்து இலக்கத்தோடு கேட்டுக் குறித்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்து விதி வந்து நிற்பது புள்ளிகளில். "எத்தினை மார்க்ஸ் வேணும்?" என்பதுதான் முதல் கேள்வி. செஜெப்பில் நுழைவதற்கு அந்தக் கேள்வி சரி. செக்கண்டரி நான்கு, ஐந்து பெறுபேறுகளைத்தான் பார்க்கிறார்கள். செஜெப்பிலிருந்து பல்கலைக்கழகம் போகும்போது அந்தக் கேள்வி செல்லாது. அங்கே பார்ப்பது கோட் ஆர் என்னும் ஆர் புள்ளி. 1995இல் அறிமுகமானது, அதற்கு முன் இங்கேயும் இசட் புள்ளிதான். இந்தச் சொல்லைக் கேட்டதும் மேசையில் இருக்கும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இலங்கையில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில்தான் நடக்கிறது. 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பங்கீட்டை ஊரில் தம்பி தங்கைமாரின் பெறுபேறு பார்த்தவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்கும் முந்தியவர்களுக்குத் தரப்படுத்தல் என்ற சொல் போதும். 1971இல் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229ஆகவும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250ஆகவும் வெட்டுப்புள்ளி போட்ட கதை, அந்தக் காலத்தில் பிறந்தேயிராத பேரப்பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே "இங்கேயும் புள்ளியைத் தரப்படுத்துவார்கள்" என்று சொன்ன மாத்திரத்தில் அறையில் ஒரு சந்தேகம் பரவும். அதைத் தீர்க்க ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு வகுப்பின் சராசரி 75, நியமவிலகல் 8. பிள்ளை எடுத்தது 83. சராசரியிலிருந்து ஒரு நியமவிலகல் மேலே, இசட் 1. இன்னொரு வகுப்பின் சராசரி 85, நியமவிலகல் 5. அங்கே 83 எடுத்தால் இசட் சைபருக்குக் கீழே, –0.4. இதோடு விட்டால் கெட்டிக்காரர் நிறைந்த வகுப்பில் இருப்பவருக்கு அநியாயம். அதனால் அந்த வகுப்பில் இருப்பவர்கள் உயர்நிலைப் பள்ளியில் எப்படிச் செய்தவர்கள் என்று பார்த்து, வகுப்பின் பலத்துக்கு ஒரு சுட்டி கூட்டுகிறார்கள். தொடக்கத்தில் இருந்த எளிய வாய்பாடு: இசட்டோடு வகுப்புப் பலத்தையும் ஐந்தையும் கூட்டி ஐந்தால் பெருக்கு. முதல் வகுப்பின் பலம் –0.5 என்று வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு 27.5. இரண்டாவதன் பலம் 1 என்றால், சராசரிக்குக் கீழே நின்ற பிள்ளைக்கு 28. இப்போது வகுப்புக்குள் எவ்வளவு பரம்பல் என்பதற்கும் ஒரு சுட்டி சேர்ந்து கணக்கு இன்னும் நீண்டுவிட்டது. பெரும்பாலானவர்களின் ஆர் புள்ளி 15க்கும் 35க்கும் இடையில் விழும். மருத்துவத்துக்கான போட்டி அதன் மேல்நுனியில் நடக்கிறது.

இந்தக் கணக்கில் பெற்றோர் பார்க்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே புள்ளி திருத்தப்படுவது பிள்ளை இருந்து படித்த அந்த வகுப்பை வைத்து. இனத்தையோ மாவட்டத்தையோ வைத்து இல்லை. அதிலிருந்து இரண்டு நடைமுறை உண்மைகள் வருகின்றன. "லேசான செஜெப்பில போட்டால் கூட மார்க்ஸ் எடுக்கலாம்" என்ற ஊர்த் தந்திரம் இங்கே பெரிதாக எடுபடாது. ரியூஷன் மாஸ்டர் வைத்துக் கடைசிச் சோதனைக்குப் படிக்கிற பழக்கமும் உதவாது. ஆர் புள்ளியைத் தீர்மானிக்கும் கடைசிச் சோதனை என்று ஒன்று இல்லை. முதல் தவணையிலிருந்து ஒவ்வொரு பாடமும் அதன் அலகு எடைக்கேற்பக் கணக்கில் சேர்கிறது. உடற்கல்வியும் சேர்கிறது. பௌதிகத்துக்கு மட்டும் மாஸ்டர் பிடித்த அப்பா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "பட்மின்ரனுக்கும் ஆள் பிடிக்கவேணுமோ?" என்று கேட்டார். பகிடிக்குக் கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மருத்துவம் பற்றி ஒரு வார்த்தை. ஒன்ராறியோவில் பெரும்பாலும் முதலில் ஒரு பட்டம் முடித்துத்தான் மருத்துவத்துக்குப் போகலாம். கியூபெக்கில் செஜெப்பிலிருந்து நேரடியாக எடுக்கிறார்கள், மக்கில், மொன்றியல், லாவால், ஷெர்புறூக் எல்லாமே. இந்த ஒரு விடயத்தில் கியூபெக் ரொறொன்ரோவைவிட யாழ்ப்பாணத்துக்குக் கிட்டவாக இருக்கிறது. புள்ளிக்கு மேலே நேர்முகங்களும் உண்டு என்பதில் மட்டும் விலகுகிறது. அந்நியர் ஒருவருக்கு முன்னால் சில நிமிடத்தில் ஒரு சிக்கலைப் பேசித் தீர்க்கச் சொன்னால், "பெரியாக்கள் கதைக்கேக்கை வாய் காட்டாதை" என்று வளர்த்த பிள்ளை என்ன செய்யும்? அதற்கு எந்த ரியூஷனிலும் பாடமில்லை.

விண்ணப்பம் என்னவோ சின்னது. மொன்றியல் வட்டாரத்துப் பெரும்பாலான அரசு செஜெப்புகளுக்கு ஸ்ராம் என்று சொல்லும் பொதுச் சேவை வழியாக மார்ச் 1ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும். தனியார் கல்லூரிகளுக்குத் தனியாக. மாணவரின் நிரந்தரக் குறியீட்டு இலக்கம் கேட்கும். குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்து, சொந்தப் பெயரின் முதல் எழுத்து, பிறகு பிறந்த நாள், மாதம், வருடம், கடைசியில் இரண்டு இலக்கம். பெண்பிள்ளை என்றால் மாதத்தோடு ஐம்பதைக் கூட்டியிருக்கும். மே மாதம் பிறந்தவளுக்கு 55. குடும்பப் பெயர் என்றே ஒன்று இல்லாத நமக்கு அந்த மூன்று எழுத்தும் யாருடையவை? சில பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர், சிலருக்குத் தாத்தாவின் பெயர். குடிவரவு அலுவலர் ஒருவர் முப்பது வருடத்துக்கு முன் கடவுச்சீட்டில் எதை எங்கே எழுதினாரோ அதுவே நிலைத்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இருந்தால் அதைச் சரிப்படுத்தவே பெப்ரவரி முழுவதும் போய்விடும்.

அடுத்தது தெரிவு. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு தெரிவு: ஒரு செஜெப், ஒரு பாடநெறி. இதைத் திரையில் பார்க்கிற பெற்றோர் அடுத்த பக்கத்தைத் தேடுவார்கள். ஊரில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் வரிசையாகத் தெரிவுகளை எழுதியவர்கள். ரொறொன்ரோவில் மருமகள் எத்தனையோ இடத்துக்குப் போட்டவள். "மிச்சத்தை எங்கை எழுதுறது?" மிச்சம் இல்லை. ஏப்ரலில் மறுமொழி வரும். இடம் கிடைக்காவிட்டால் எங்கெங்கே இடம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து இரண்டாம் சுற்றுக்குப் போகலாம், பிறகு மூன்றாம் சுற்றும் இருக்கிறது. எட்டாத இடத்துக்கு முதல் சுற்றை எறிந்துவிட்டால், கிடைத்திருக்கக்கூடிய இடமும் ஏப்ரலில் நிரம்பியிருக்கும். இப்போதுதான் வழிகாட்டுகிறவரின் வேலை தொடங்குகிறது. பிள்ளையின் பெறுபேற்றைப் பெற்றோர் முன்னால் உள்ளபடி சொல்ல வேண்டும். அதைச் சொல்லவென்றே பள்ளிகளில் துறைசார் வழிகாட்டு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கியூபெக்கில் அது பதிவு பெற்ற தொழில். ஆனால் அவர் பேசுவது பிரெஞ்சு, அம்மா பேசுவது தமிழ், நடுவில் மொழிபெயர்ப்பது பிள்ளை. தன் புள்ளிகளைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளையிடமிருந்து எவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கலாம்?

சென்ற ஆண்டு ஒரு மேசையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெப்ரவரிக் கடைசி வாரம், வெளியே பனி அள்ளும் இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. பெரியம்மா ஒலிபெருக்கியில். அப்பா "இயற்கை விஞ்ஞானம்" என்ற பாடநெறியைத் தேடச் சொன்னார். மகள் தேடினாள். முன்தேவைகள் திரையில் வந்தன: செக்கண்டரி ஐந்தில் தொழில்நுட்ப-விஞ்ஞான வரிசைக் கணிதம் அல்லது இயற்கை விஞ்ஞான வரிசைக் கணிதம், இரசாயனம், பௌதிகம். மகள் படிப்பது மூன்றாவது வரிசை, பண்பாடு-சமூகம்-தொழில்நுட்பம் என்று நீண்ட பெயருடைய இலகுவான கணிதம். இரசாயனம் இல்லை, பௌதிகமும் இல்லை. சராசரி 84. அப்பாவுக்கு விளங்கவில்லை. "எண்பத்துநாலு எடுத்திருக்கிறாள், பிறகென்ன?" தொலைபேசியும் சற்று நேரம் பேசவில்லை.

அன்றைக்கு நாங்கள் செய்யக்கூடியது செய்தோம். பாதை மூடிவிடவில்லை. விடுபட்ட பாடங்களை எடுத்துக்கொண்டு போவதற்கு செஜெப்பில் ட்றொம்ப்ளோன் என்றொரு முன்னேற்பாட்டுப் பருவம் உண்டு, வளர்ந்தோர் கல்வி நிலையங்களிலும் படிக்கலாம். ஒரு வருடம் கூடப் போகும், அவ்வளவுதான். பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு வருடம். ஆனால் இந்த மேசைக்கு வருவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே அந்த வீட்டில் உண்மையான விண்ணப்பம் நிரப்பப்பட்டுவிட்டது. செக்கண்டரி மூன்றின் குளிர்காலத்தில், பதினாலு வயதில், அடுத்த ஆண்டுக்கான கணித வரிசையையும் விஞ்ஞான வரிசையையும் தெரிவு செய்யும் தாள் பள்ளியிலிருந்து வருகிறது. செக்கண்டரி நான்கில் கூடுதலான விஞ்ஞானத்தை எடுக்காதவருக்கு ஐந்தில் இரசாயனமும் பௌதிகமும் கிடைப்பது கடினம். ஊரில் பிரிவு தெரிவது சாதாரண தரம் முடிந்து, பெறுபேறு வந்து, வீடு கூடி இருந்து பேசிய பிறகு. இங்கே அந்தத் தீர்மானத்துக்குச் சோதனையுமில்லை, பெறுபேறு வெளியாகும் நாளுமில்லை, ஒருவரும் கற்கண்டு கொடுப்பதுமில்லை.

அந்த அம்மாவிடம் தாளைப் பற்றிக் கேட்டேன். நினைவிருந்தது. ஒரு மஞ்சள் தாள், புத்தகப் பையில் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே கசங்கிக் கிடந்ததாம், ஒரு மூலையில் சம்பல் எண்ணெய். அவர் இரவு வேலைக்கு வெளிக்கிட்டு நின்றிருக்கிறார். எங்கே கையெழுத்து வைப்பது என்று மகளைக் கேட்டார். மகள் விரலால் காட்டினாள்.